நூரிக்கு என்ன போடுவது

யாசிர் பாயை முதன்முதலில் பார்த்தபோது அவர் கையில் ஒரு கேரி பேக் இருந்தது. அதற்குள் இருந்தது குதிரைச் சாணம்.

ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் வேதாசலத்தின் தீவனக் கடை. இதை எழுதுகிறவன் மாதனூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரன். காலேஜ் முடித்த கையோடு, வீட்டு மாடுகளுக்குப் புண்ணாக்கு வாங்க அன்று அங்கே நின்றிருந்தான். கடையில் இன்னும் இரண்டு பேர். அவர்களும் மாட்டுக்காரர்கள்தான். யாசிர் தன் டாடா ஏஸை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு ஓடிவந்து, கல்லா மேசை மேல் பையைப் பிரித்து வைத்தார்.

"அண்ணே, கொஞ்சம் பாருண்ணே. முந்தாநேத்து வரைக்கும் உருண்டை உருண்டையா போட்டுச்சு. இன்னிக்கு இப்டி."

வேதாசலம் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "யோவ் பாய், சாமி படத்துக்கு இன்னும் ஊதுவத்திகூட ஏத்தல. எட்ட எடுத்துனு போய்யா."

"எடுத்துனு போறேன். இன்னா போடறதுன்னு மட்டும் சொல்லு."

"கொள்ளு போடறியா? கம்மி பண்ணு, அது சூடு. கோதுமைத் தவிடு போடு."

"தவிடா?" என்றார் பக்கத்தில் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தவர். "தவிடு போட்டா இன்னும் இளகும். மக்காச்சோள மாவு போடு பாய், மினுமினுன்னு ஆவும்."

"பச்சைப்புல்லை மொதல்ல நிறுத்துய்யா, வயிறு ஊதும்" என்றார் இன்னொருவர். "வைக்கோலு போடு. என் எருமைக்கு அதான்."

யாசிர் மூன்று பேருக்கும் மூன்று முறை தலையாட்டினார். கடைசியில் தவிடு ஒரு பை, மாவு ஒரு பை, கொள்ளு ஒரு பை என்று எல்லாவற்றையும் வாங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஏறும்போது திரும்பிக் கேட்டார்: "அப்போ கொள்ளு போடலாமா, கூடாதா?"

வந்ததைவிட அதிகமாகக் குழம்பிப்போன முகம் அது. அந்த முகத்துக்காகத்தான் அவரைப் பற்றி விசாரிக்கத் தோன்றியது.

யாசிர் பத்தாவதோடு படிப்பை விட்டவர். ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், ஊறிய தோல்களைப் புரட்டும் வேலைக்குப் போனார். சில வருஷத்தில் இரண்டு கையும் வெடித்துச் சிவந்து அரிக்கத் தொடங்கின. சோறு பிசைந்தால் எரியும். டாக்டர் வேலையை விடச் சொன்னார். விட்டுவிட்டு ஒரு டாடா ஏஸ் ஓட்டினார். வெட்டிய தோலை வீடு வீடாகக் கொண்டுபோய்த் தைக்கக் கொடுப்பதும், தைத்து முடிந்த ஷூ மேல்பாகங்களை வாங்கி ஃபேக்டரியில் சேர்ப்பதும் வேலை. இன்றைக்கும் அதுதான்.

குதிரை எங்கிருந்து வந்ததென்றால், ஒரு கல்யாணத்திலிருந்து வந்தது. சொந்தக்காரர் பையன் நிக்காஹ்வுக்கு பெங்களூரிலிருந்து வெள்ளைக் குதிரை வரவழைத்தார்கள். மழையில் லாரி நின்றுபோக, மாப்பிள்ளை கடைசியில் யாரோ ஒருவருடைய புல்லட்டில் ஏறி மண்டபத்துக்குப் போனான். சுற்றி இத்தனை ஊர், இத்தனை கல்யாணம், ஒரு குதிரைக்கு பெங்களூர் போகணுமா என்று அன்றைக்கே யாசிர் மனசில் விழுந்துவிட்டது. மனைவி ரஃபத் ஜஹான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "வூட்ல ஒரு கோழி வளத்ததில்ல. எடுத்ததுமே குதிரையா?" கேட்கவில்லை. கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து ஒரு வெள்ளைப் பெண்குதிரையை வாங்கி வந்து, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுக் கட்டினார். நூரி என்று பேர் வைத்தார்.

நூரி கெட்டிக்காரி. பட்டாசுக்கு மிரளாது. பேண்டு வாத்தியம் கேட்டால் தானாகவே நடையை மாற்றும். பேரணாம்பட்டு நிக்காஹ், குடியாத்தத்து மாப்பிள்ளை அழைப்பு என்று எல்லா வீட்டுக்கும் போனது. போகிற இடமெல்லாம் ஜனங்கள் ஜிலேபியும் பேடாவும் ஊட்டினார்கள். வேண்டாமென்றால் கோபித்துக்கொள்வார்கள், மாப்பிள்ளைக்குச் சமமாயிற்றே.

வளர்க்கத் தெரியாதவர் என்றாலும் யாசிர் ஒரு வழியைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். தான் தின்னும்போதெல்லாம் நூரிக்கும் போடுவது. காலையில் நாஷ்டாவுக்கு முன்னால் ஊறவைத்த கொள்ளு. மதியம் சோற்றுக்கு வீட்டுக்கு வருவார். வரும்போது புல்லுக்காரி கோவிந்தம்மாள் புல்லுக்கட்டை இறக்கியிருப்பாள், பிரித்துப் போட்டு ஒரு பக்கெட் தண்ணீரும் வைத்துவிட்டுத்தான் கை கழுவுவார். நாலு மணி டீக்கு வந்தால் இன்னொரு பிடி புல், இன்னொரு பக்கெட். இரவுச் சாப்பாட்டுக்கு முன் அரிசித் தவிடு. கடிகாரம் பார்த்ததில்லை, யாரிடமும் கேட்டதில்லை. அவருக்குப் பசித்தால் அதற்கும் பசிக்கும், அவ்வளவுதான் கணக்கு.

நூரி வந்த முதல் வருஷம் ரமலானில் அதற்கு வயிற்றுவலி வந்தது. முன்னங்காலால் தரையைப் பிராண்டியது, திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்த்தது, படுத்துப் புரண்டது. சாணம் போடவில்லை. கால்நடை டாக்டர் தேவிகா வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் ஏற்றிக் காப்பாற்றினார். அடுத்த வருஷமும் ரமலானிலேயே வந்தது. இந்த முறை முதல் தடவையைவிட மோசம். டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "பாய், ரெண்டு தரம் தப்பிச்சுது. மறுபடி வந்து குடல் முறுக்கிக்கிச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. என்ன போடறீங்க?"

யாசிர் சொன்னார். கொள்ளு, புல், தவிடு. "சரியாத்தானே இருக்கு" என்று டாக்டரும் யோசித்தபடியே போய்விட்டார்.

மூன்றாவது ரமலான் நெருங்கிக்கொண்டிருந்தது. கேரி பேக்கோடு தீவனக் கடைக்கு ஓடிவந்தது அந்தச் சமயத்தில்தான்.

எதனால் என்று தெரிந்தால் அதை நிறுத்திவிடலாம். அது தெரியவில்லை. ரஃபத் ஜஹான், யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றாள். வேலூருக்குப் போய் ஒரு தாயத்து வாங்கி வந்து கழுத்தில் கட்டினாள். போர் தண்ணீர் உப்பாகிவிட்டது, அதுதான் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். யாசிர் கேன் தண்ணீர் வாங்கி ஊற்றினார். தெருப் பிள்ளைகள் நோன்பு திறக்கும் நேரத்தில் சமோசா ஊட்டுவதைப் பார்த்ததாக ஒருத்தர் சொன்னார். யாசிர் வேலிக்கு வலை கட்டினார். குதிரைக்கு உப்பு வேண்டும் என்று எங்கோ கேள்விப்பட்டு, தோல் ஷாப்பிலிருந்து ஒரு பை உப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். ரஃபத் வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"அது தோல் மேல கொட்டறது! செத்த மாட்டுக்குப் போடறதை உசுரோட இருக்கறதுக்குப் போடறீங்களா?"

"உப்பு உப்புதானே?"

"அப்போ உங்க சால்னாவுல அதையே போடறேன். சரியா?"

உப்பு திரும்பிப் போனது.

தம்பி ஃபைஸான் ஷூ ஃபேக்டரியில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறவன். எதையும் போனில் தேடுவான். "பாய்ஜான், குதிரையோட எடைக்குத் தகுந்த மாதிரிதான் தீனி போடணுமாம். நூறு கிலோவுக்கு ஒண்ணரை, ரெண்டு கிலோ காஞ்ச புல்லு. மொதல்ல எடை எவ்ளோ?"

"எடையா? இன்னாடா, தூக்கி தராசுல வெக்கறதா?"

தராசு இருந்தது. உப்பு லாரியும் பச்சைத்தோல் லாரியும் நிற்கிற எடை மேடை. ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் தம்பியும் நூரியைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு லாரி, நடுவில் குதிரை. எடை போடுகிற பையன் ஜன்னலிலிருந்து பேப்பரைப் பார்த்தபடியே கேட்டான்.

"லோடு இன்னா?"

"குதிரை."

"வண்டி எங்க?"

"இதான் வண்டி."

நிமிர்ந்து பார்த்தவன் நாற்காலியை விட்டு எழுந்து வெளியே வந்துவிட்டான். இரும்புத் தகடு காலடியில் கொடகொடவென்று சத்தம் போட்டதில் நூரி தனியாக நிற்க மறுத்தது. யாசிரும் மேலே ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்போதுதான் நின்றது.

"உன் எடையைக் கழிக்கணும் பாய்ஜான். எவ்ளோ நீ?"

"அது எதுக்கு எல்லார் முன்னாடியும்?"

பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடித்தார். "யோவ், ரெண்டு பேருல யாரு கனம்னு அப்றம் பாத்துக்கங்கய்யா!"

ஃபைஸான் கழித்துப் பெருக்கிக் கணக்குச் சொன்னான். கோவிந்தம்மாள் கொண்டுவரும் ஒரு கட்டுப் புல் பாதிகூடக் காணாது. யாசிருக்குச் சுருக்கென்றது. "அப்போ இத்தினி நாளா நான் பட்டினி போட்டுனு இருந்தேனா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். மறுநாளிலிருந்து இரண்டு கட்டு. வாய்க்கால் ஓரத்தில் விளையும் குதிரைமசால் என்கிற தீவனப் பயிரும் கொஞ்சம். கொள்ளுக்குப் பதில் பார்லி. வேதாசலம் சொன்ன கோதுமைத் தவிடு. எதை எடுத்தாலும் அதற்கு எதிராகச் சொல்ல ஒருவர் இருந்தார், ஆகவே யாசிர் ஒன்றையும் விடவில்லை. நூரி எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்துவிட்டு அவரைப் பார்க்கும். "என்னை இன்னா பாக்கற? எனக்கு மட்டும் தெரியுமா?" என்பார்.

பிறை தெரிந்தது. நோன்பு தொடங்கியது.

ரமலானில் அந்தத் தெருவுக்கே பொழுது மாறிவிடும். விடியும் முன் எழுந்து ஸஹர் சாப்பாடு. மதியம் வீடுகள் அரைத் தூக்கத்தில் கிடக்கும். பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொன்னபிறகுதான் ஊர் விழிக்கும். யாசிர் மதியச் சோற்றுக்கு வீடு வருவதில்லை. நாலு மணி டீ இல்லை. வண்டியைத் தோல் ஷாப் நிழலில் போட்டுவிட்டு, தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டு அப்படியே சாய்வார். கோவிந்தம்மாளிடமும் வருஷா வருஷம் சொல்கிறதையே இந்த வருஷமும் சொல்லியிருந்தார்: "மத்தியானம் வராத. எல்லாம் படுத்துனு இருப்பாங்க, கதவு தொறக்க மாட்டாங்க. சாயங்காலமா வா."

நூரியை அவர் மறந்துவிடவில்லை. சொல்லப்போனால் ரமலானில்தான் கூடுதலாகக் கவனித்தார். ஸஹருக்கு எழுந்ததும் முதல் வேலையாக வழக்கமான தீனியைப் போல இரண்டு பங்கு அள்ளிப் போட்டு, முதுகைத் தட்டிக் கொடுத்து, "நல்லா துன்னுக்க, நாள் பூரா தாங்கணும்" என்று சொல்லிவிட்டுத்தான் தான் சாப்பிட உட்காருவார்.

முதல் வாரம் போனது. யாசிர் தினமும் சாணத்தைக் கிளறிப் பார்த்தார். ஒருநாள் மதியத்துக்கு மேல் ரஃபத் போன் செய்தாள். குரலே சரியில்லை. "சீக்கிரம் வாங்க. காலால தரையைப் பிராண்டுது."

வந்து பார்த்தபோது நூரி வியர்த்து நனைந்திருந்தது. படுக்கப் போவதும் எழுவதுமாக இருந்தது. புரளவிட்டால் குடல் முறுக்கிக்கொள்ளும் என்று போன தடவை சொல்லியிருந்தார்கள். யாசிர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொட்டகையைச் சுற்றிச் சுற்றி நடத்தினார். நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டியது. நடந்துகொண்டே ஒவ்வொன்றாகத் திட்டித் தீர்த்தார். பார்லியைத் திட்டினார், தவிட்டைத் திட்டினார், வேதாசலத்தை, குதிரைமசாலை, தம்பியின் போனை. எதைத் திட்டுவது சரி என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் தன்னையே திட்டிக்கொண்டார்.

டாக்டர் தேவிகா வந்து வயிற்றில் காது வைத்துக் கேட்டார், குழாய் விட்டார், எண்ணெய் ஏற்றினார், ஊசி போட்டார். "இப்போதைக்கு முறுக்கல. பாக்கலாம்" என்றவர் தீனித் தொட்டியின் அடியில் ஒட்டிக்கிடந்த மிச்சத்தைக் கிளறினார். "என்ன பாய் இது, கடையையே கொட்டி வெச்சிருக்கீங்க?"

"எல்லாரும் சொன்னாங்கம்மா. எதுல கோளாறுன்னு தெரியல. எல்லாத்தையும் நிறுத்திடட்டா? எதை நிறுத்தணும், அதை மட்டும் சொல்லுங்க."

அப்போது கோவிந்தம்மாள் தலையில் புல்லுக்கட்டோடு சந்துக்குள் நுழைந்தாள். கட்டைத் தொப்பென்று இறக்கிவிட்டு, நனைந்து நிற்கிற குதிரையையும் காலியாகக் கிடந்த பக்கெட்டையும் பார்த்தாள்.

"பாவம், வாயில்லா ஜீவன். காலையிலேர்ந்து ஒரு புல்லுகூட துன்னாம நிக்குது. ஏன் பாய், உங்களோட சேத்து அதுக்கும் நோன்பு வெச்சிட்டியா?"

"சும்மா இரு கோவிந்தம்மா. விளையாடற நேரமா இது?" என்று யாசிர் எரிந்து விழுந்தார்.

டாக்டர் குழாயைச் சுருட்டுவதை நிறுத்தினார். "இருங்க பாய். புல்லு எத்தனை மணிக்கு வருது?"

"இப்போதாம்மா. நோன்பு மாசம்ல."

"மத்த மாசத்துல?"

"மத்தியானம். நான் சோத்துக்கு வரும்போது."

"இப்போ மத்தியானம் என்ன போடறீங்க?"

யாசிர் காலிப் பக்கெட்டைப் பார்த்தார். மெதுவாக, "ஸஹருக்கு டபுளா போடறேனேம்மா. நாள் பூரா தாங்கட்டும்னு..." என்றார்.

டாக்டர் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு சொன்னார். மாடு கிடைத்ததை அள்ளி விழுங்கி வைத்துக்கொண்டு, நிழலில் படுத்து நாளெல்லாம் அசைபோடும். குதிரைக்கு அந்த வசதி கிடையாது. அதற்கு இரைப்பை சின்னது. கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுக்க மென்றுகொண்டே இருக்கப் படைத்த வயிறு. நாலைந்து மணி நேரம் காலியாக விட்டால் உள்ளே சுரக்கிற அமிலம் அதையே அரிக்கும், குடல் அசைவு மந்தமாகும். காலியாக விட்டுவிட்டு ஒரேயடியாகத் தானியத்தைக் கொட்டினால் இன்னும் கெடுதல். தண்ணீரும் இல்லையென்றால் கேட்கவே வேண்டாம். தீனியை மாற்றுவதென்றாலும் பத்து நாளாவது எடுத்துக்கொண்டு சிறிது சிறிதாகத்தான் மாற்ற வேண்டும்.

"போன தடவை என்ன போடறீங்கன்னு கேட்டேன். எப்போ போடறீங்கன்னு நானும் கேக்கல" என்றார்.

யாசிருக்கு அது உடனே தலையில் ஏறவில்லை. "ஆனா நான் ஜாஸ்தியாதானேம்மா போட்டேன்?" என்று இரண்டு முறை கேட்டார். தான் பட்டினி கிடந்தது தெரிந்தே கிடந்தது. அது பட்டினி கிடந்தது தனக்கே தெரியவில்லை. தின்னும்போதெல்லாம் போட்டவர், தின்னாதபோது போடவில்லை. அதை அவர் தீர்மானித்துச் செய்யவில்லை. கை தானாக நின்றுபோயிருந்தது. அது ஒரு பிழைதான் என்றே அவருக்குப் பிடிபடவில்லை, ஏனென்றால் அதில் அவர் செய்தது என்று ஒன்றுமே இல்லை.

பாங்கு சொன்னார்கள். ரஃபத் பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொட்டகைக்கே கொண்டுவந்து கொடுத்தாள். யாசிர் ஒரு கையில் கயிறும் ஒரு கையில் டம்ளருமாக நின்று நோன்பு திறந்தார். தொழுகை முடிந்து தெரு கலகலத்துக்கொண்டிருந்தபோது நூரி வாலைத் தூக்கிச் சாணம் போட்டது. ஃபைஸான் போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினான்.

மறுநாளிலிருந்து மதியம் கோவிந்தம்மாள் பழையபடி வந்தாள். யாசிரும் வீட்டுக்கு வந்தார். சோறு இல்லை, டீ இல்லை, குதிரைக்குப் புல் போடுவதற்காக மட்டும். உச்சி வெயிலில் வறண்ட தொண்டையோடு உட்கார்ந்து, அது பக்கெட்டில் வாய் வைத்து உறிஞ்சி உறிஞ்சித் தண்ணீர் குடிப்பதைப் பார்ப்பார். அந்தச் சத்தம்தான் தாங்க முடியாதது என்று ரஃபத்திடம் சொன்னார். பள்ளிவாசலில் ஒருவர் சீண்டினார்.

"இன்னா யாசிர், உன் வூட்டுக் குதிரை நோன்பு வெக்கறதில்லியாமே?"

"அதுக்கு இன்னும் வயசாவல பாய்."

அந்த ரமலான் அதற்குமேல் வலியில்லாமல் கழிந்தது. அடுத்த ரமலானும் கழிந்தது. ஆனால் யாசிரின் குழப்பம் மட்டும் முழுதாகத் தீரவில்லை. மதியப் புல்தான் காப்பாற்றியது என்று டாக்டர் சொல்கிறார். அதே வருஷம்தான் தாயத்தும் கட்டியது, தண்ணீரை மாற்றியது, வலை அடித்தது. தாயத்து இருந்ததால்தான் அந்த வலியும் உயிரை எடுக்காமல் போனது என்கிறாள் ரஃபத். பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் என்கிறார். ஒன்றைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். நூரியை வைத்து அந்தச் சோதனையைச் செய்ய அவருக்கு மனம் வரவில்லை. தாயத்து கழுத்தில் இருக்கிறது, கேன் தண்ணீரும் வருகிறது.

யாசிர் இப்போதும் ஆம்பூரில் அதே வீட்டில்தான் இருக்கிறார், அதே டாடா ஏஸைத்தான் ஓட்டுகிறார். தொட்டியில் இப்போது புல்லும் கொஞ்சம் ஊறவைத்த கொள்ளும், கடையில் விற்கிற சாதாரண உப்பும் மட்டும் இருக்கின்றன. புல் எந்நேரமும் கிடக்கும். நூரிக்கு ஒன்பது வயது, உடம்பு தேறியிருக்கிறது. போன மாதம் வாணியம்பாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தது.